இறங்காத எண்

என் அண்ணியின் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. உடல் பருமன், சர்க்கரை, கொழுப்பு என்று அவர் எழுதிய கட்டுரைகள் அதில் வரிசையாக நிற்கும். வேறு ஆராய்ச்சியாளர் யாராவது தன் கட்டுரையில் அவற்றில் ஒன்றைச் சுட்டிக்காட்டினால், பக்கத்திலுள்ள எண்ணில் ஒன்று கூடும். அதற்கு சைட்டேஷன் என்று பெயர். நான் லிஃப்ட் மெக்கானிக். ஏறினது இறங்க வேண்டும், அதுதான் என் பிழைப்பு. இந்த எண்ணோ ஏறும், இறங்கவே இறங்காது. எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை.

காலையில் பல் துலக்குமுன் அண்ணி பார்ப்பது அந்த எண்ணைத்தான். "தம்பி, நேத்திலேருந்து இன்னும் நாலு பேர்" என்பார். உலகத்துக்கே இனிப்பைத் தொடாதே என்று எழுதிவிட்டு, ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் நின்று சாக்லேட் தின்பவர் அவர். ஊருக்குத்தான் உபதேசம். பிடித்துவிட்டால், "ஆராய்ச்சிக்கு சாம்பிள் வேணாமா?" என்பார். நல்ல மனுஷி. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு கட்டுரை. ஆண்களின் இடுப்புச் சுற்றளவு தொண்ணூற்றொரு சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் சர்க்கரை நோய்க்கு பயப்பட வேண்டும், அதற்குள் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அவசரமில்லை என்றது அது. கிளினிக்குகள் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டின. செலவு மிச்சமாகிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அண்ணனை வீட்டில் ஒல்லிப்பிச்சான் என்போம். கையும் காலும் குச்சி, நடுவில் மட்டும் சின்னதாக ஒரு தொப்பை. இடுப்பு எண்பத்தொன்பது. "என் கோட்டுக்குள்ளதான் இருக்கீங்க, பயப்படாம சாப்பிடுங்க" என்று அண்ணியே சொன்னார். கிளினிக்கிலும் அதையே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போன வருஷம் அண்ணன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். தலைமாட்டில் பாட்டில், காரில் பாட்டில், பாத்ரூம் போகும் வழியில்கூட ஒரு மடக்கு. வெயில் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டான். கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது.

"டாக்டர்கிட்ட காட்டேன்டா" என்றேன்.

"ஷூ கடிச்சதுக்கெல்லாம் டாக்டரா? வீட்டுலயே ஒருத்தி இருக்கா, போதும்."

அந்தச் சமயத்தில் அண்ணியின் ஆராய்ச்சிக் கூடத்தை வேறு மாடிக்கு மாற்றினார்கள். பழைய சாமான் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. அதிலிருந்த துணி டேப்பை எடுத்து, புது மேஜை உள்ளே நுழையுமா என்று அண்ணி வாசற்கதவை அளந்தார். அளந்தவர் டேப்பின் முனையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். முனை சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. ஒன்று இல்லை, இரண்டு இல்லை, டேப் மூன்றில் தொடங்கியது.

அங்கேயே நின்று, அந்தக் கட்டுரைக்காக இடுப்பளவு எடுத்த பழைய நர்ஸுக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"முனை பிஞ்சு போச்சு மேடம், அதான் மூணுல வெட்டிட்டேன். வர்ற அளவுல மூணு கழிச்சுதான் எழுதுவேன்."

"நீ பிரசவ லீவுல போனப்ப வந்த பொண்ணுகிட்ட சொன்னியா?"

"டேப்பைப் பார்த்தாலே தெரியும்னு நெனச்சேன் மேடம்."

முக்கால்வாசிப் பேரை அளந்தது அந்தப் பெண்தான். அத்தனை பேரின் இடுப்பும் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகக் கட்டுரையில் ஏறியிருந்தது. நிஜமான கோடு கிட்டத்தட்ட எண்பத்தெட்டு. அண்ணி ஃபோனை வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினார். சோபாவில் அண்ணன் பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இன்னிக்கு எத்தனாவது பாட்டில் இது?"

மறுநாள் ரத்தத்தைப் பார்த்த டாக்டர் முதலில் அண்ணனின் காலைத்தான் காட்டச் சொன்னார். விரல் போய்விட்டது.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அண்ணி சொன்னபோது அவருடைய இயக்குநர், "கிணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டு போகப்போகுது? பதவி உயர்வு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றாராம். அண்ணி அன்றைக்கே கட்டுரையை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதினார். பதவி போனது. கட்டுரையின் குறுக்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் போட்டார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இது அண்ணனையல்லவா சுட்டது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அண்ணி இப்போதும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். ஆனால் எண்ணைச் சொல்வதில்லை. நான்தான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். முன்பைவிடக் கூடியிருந்தது.

"சிவப்புல போட்டாச்சே அண்ணி, இன்னுமா ஏறுது?"

"எவன் தம்பி கட்டுரையைத் திறந்து படிக்கிறான்? முன்னாடி எழுதினவன் சொன்னதைப் பார்த்து எழுதுறான்."

போன வாரம் அண்ணனுக்குக் கட்டு மாற்ற மூவரும் கிளினிக் போனோம். காத்திருந்த நேரத்தில், வருகிறவர்களையெல்லாம் அளந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண் என் இடுப்பிலும் டேப்பைச் சுற்றினாள். சுவரைப் பார்த்தாள். அதே அட்டை, அதே தொண்ணூற்றொன்று.

"தொண்ணூறு. கோட்டுக்குள்ளதான் இருக்கீங்க சார். டெஸ்ட் எல்லாம் வேணாம்" என்று சிரித்தாள்.

அண்ணி எழுந்து போய் அந்த அட்டையைக் கிழித்தார். அந்தப் பெண் மிரண்டுபோய், மேஜை டிராயரைத் திறந்து இன்னொன்றை எடுத்தாள். உள்ளே ஒரு கட்டே இருந்தது.