முங்க விடாத தண்ணீர்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிற சாலையில், பின்னால் வந்த பேருந்தைக்கூடக் கை காட்டி நிறுத்தாமல் நடந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். சட்டை காய்ந்துவிட்டது, வலது மணிக்கட்டில் மட்டும் ஈரம் காயவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், நானே சிரித்திருப்பேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன், ஊர் ஊராகப் போய்க் கிணறு தூர்வாரிப் பிழைப்பவன். முங்கி மோட்டார் எடுத்திருக்கிறேன், பிணமும் எடுத்திருக்கிறேன். எந்தப் பிணமும் என்னிடம் பேசியதில்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் பீடியை அணைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான்.

மலையில் ஒரு தங்கும் விடுதி. போன கோடையில் அங்கே கிணறு தூர்வாரப் போனோம், நானும் என் கூட்டாளி அண்ணாமலையும். அவன் மலையிலேயே பிறந்தவன், சாமை விதைத்துவிட்டு மீதி நாளில் என்னோடு கிணறு இறங்குவான். ஊற்று நிற்கவில்லை என்று டீசல் எஞ்சினையே கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இறக்கி ஓட்டினார்கள். புகை உள்ளேயே நிற்கிறது, கொஞ்சம் பொறுத்து இறங்குகிறேன் என்றான் அண்ணாமலை. விருந்தாளிகள் வருகிறார்கள், இப்போதே இறங்கு என்றார் விடுதி முதலாளி. இறங்கினான். கயிறு என் கையில். எங்கள் தொழிலில் ஓர் இழுப்பு என்றால் கயிறு விடு, இரண்டு என்றால் தூக்கு. இரண்டு இழுப்பு வந்தது. தூக்கட்டுமா என்று முதலாளியைப் பார்த்தேன்.

"இருடா, அஞ்சு நிமிசத்துல ஒண்ணும் ஆவாது, வேல முடியட்டும்."

நான் இருந்தேன். எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அவ்வளவுதான், இருந்தேன்.

குடித்துவிட்டுக் குளிக்கப் போய் விழுந்து செத்தான் என்று முதலாளி போலீசுக்கு எழுதிக்கொடுத்தார். அண்ணாமலை டீயைத் தவிர எதையும் குடித்தவனில்லை. அவன் மனைவி காளியம்மா பிணத்தின் வாயை மோந்து பார்த்துவிட்டு, "நீயும் அதத்தான் சொல்றியாண்ணே?" என்று என்னைக் கேட்டாள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டதாம். விருந்தாளிகளுக்கென்று ஒரு மிதவைத் தொட்டி வாங்கி வைத்தவர், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தானே அதில் படுக்க ஆரம்பித்தார். மூடி போட்ட பெரிய தொட்டி. முழங்காலுக்குக்கூட எட்டாத வெதுவெதுப்பான தண்ணீர், அதில் மூட்டை மூட்டையாகப் பேதி உப்பு. உப்பு தாங்குவதால் ஆள் தக்கை மாதிரி மிதப்பான், இருட்டில் உடம்பு இருப்பதே மறந்து தூக்கம் வரும். தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள், போய் நின்றேன். முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கயிறு பிடித்தவன் முகத்தை யார் பார்த்தார்கள்.

பத்து நாள் ஒழுங்காக வேலை செய்தேன். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். பதினொன்றாம் நாள் தொட்டியைக் காலி செய்து, அதே கிணற்றின் தண்ணீரை நிரப்பினேன். உப்பு மூட்டையைப் பிரிக்கவே இல்லை. அசந்ததும் உடம்பு இறங்கும், முகம் தானாக முங்கும். கொல்லத்தான் செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை. நாக்கில் தொட்டும் பார்த்தேன், வெறும் கிணற்றுத் தண்ணீர்.

உள்ளே போனார், மூடினேன். வெளியே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் அலம்புகிற சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "எறக்கி வுடு" என்று மெதுவாக அவர் குரல் கேட்டது.

திறந்தேன். நம்பினால் நம்புங்கள், கட்டிலில் படுத்தது போலத் தண்ணீர்மேல் கிடந்தார். நெஞ்சு நனையவே இல்லை. கண் திறந்திருந்தது, விரல்கூட அசையவில்லை.

"எறக்கி வுடுடா. கீழேந்து எவனோ தாங்கிக்கினு இருக்கான். நாந்தான் அவன எறங்கச் சொன்னேன், ஒத்துக்கறேன். வுடச் சொல்லு."

யாரை என்று நான் கேட்கவில்லை. ஆத்திரத்தில் இரண்டு கையாலும் அவர் நெஞ்சை அழுத்தினேன். மிதக்கிற வாழை மரத்தை அழுத்துவது போல, ஒரு விரற்கடைகூடக் கீழே போகவில்லை. அப்படி என்னதான் தாங்குகிறது என்று வலது கையை அவர் முதுகுக்கு அடியில் விட்டேன். என் மணிக்கட்டை ஏதோ பிடித்தது. இரண்டு இழுப்பு இழுத்தது.

இந்தத் தடவையும் நான் தூக்கவில்லை. கையை உருவிக்கொண்டு ஓடினேன்.

முதலாளியை அப்புறம் வேலையாட்கள் வெளியே எடுத்தார்களாம். உயிரோடுதான் இருக்கிறார். கட்டிலில் முதுகு பட்டதும் கீழே கை இருக்கிறது என்று எழுந்துவிடுகிறார், விடிய விடிய உட்கார்ந்தே இருக்கிறார் என்கிறார்கள். செத்திருந்தால் தூங்கியிருப்பார். எனக்குத் தெரியாதது அண்ணாமலைக்குத் தெரிந்திருக்கிறது.

நான் மலை இறங்கிய மறுநாள் காலை நைனார்பாளையத்தில் வேலை கிடைத்தது. ஒரு விவசாயியின் கிணற்றில் மோட்டார் விழுந்து கிடந்தது. கயிற்றை இடுப்பில் கட்டி, முனையை அவர் கையில் கொடுத்து, இரண்டு இழுப்பு இழுத்தால் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டுக் குதித்தேன். தண்ணீர் என்னை உள்ளே விடவில்லை. தலைகீழாகப் பாய்ந்து பார்த்தேன், கல்படியைப் பிடித்துக்கொண்டு அமுங்கிப் பார்த்தேன். இருபது வருசமாக முங்கியவன், மல்லாந்து மேலேயே கிடந்தேன்.

விவசாயி எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா, முங்காமயே ரெண்டு தபா இழுக்கற? தூக்கட்டா?"

என் இரண்டு கையும் தண்ணீருக்கு மேலே விரிந்து கிடந்தன. கயிற்றை நான் தொடவே இல்லை.