ரேடியேட்டரில் மஞ்சள்

மச்சான் விற்கிற வண்டியை யாராவது மெக்கானிக்கிடம் காட்டிப் பார்த்து வாங்குவார்களா? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஹனூர்ப் பக்கத்தில் இருந்த தன் ஊரிலிருந்து அந்த வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தார். அவர் சொன்ன விலையை அப்பா மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். மாமா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் சந்தில் கார் வைத்திருக்கும் இரண்டாவது வீடு எங்களுடையது என்று எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கார் எதற்கு என்றால், அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்வரத்தான். அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஊர் என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். தம்பி கைக்குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டு, கொள்ளேகாலில் பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டே போய்ச் சேர்வதற்குள் அம்மா ஓய்ந்துபோவாள். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா, லீவு வந்தால் உன் அண்ணன் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்குகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லித்தான் காரை வாங்கினார்.

கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. பின்பக்கத்து இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. அப்பா இறங்கி வந்து, மந்திரிக்குத் திறந்துவிடுவதுபோல எனக்குத் திறந்துவிட வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிக்காது. டயருக்கு முட்டுக்கொடுக்க ஒரு கருங்கல் டிக்கியிலேயே குடியிருந்தது. இதெல்லாம் எனக்கு வேடிக்கைதான். மூன்றாவது வாரம், மாமா ஊருக்குப் போகும் வழியில் டி. நரசிபுரம் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியபோதுதான் அப்பாவின் முகம் மாறியது.

அடுத்த நாள் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு எடுத்து, அப்பாவிடம் நீட்டினார். விரல் நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"மஞ்சப்பொடி சார். ஓட்டையை அடைக்க லாரிக்காரங்க போடுவாங்க. நாலு நாள் தாங்கும், அஷ்டே, அவ்வளவுதான். விக்கிறதுக்குன்னே போட்டிருக்காங்க. இன்ஜினும் ஏற்கெனவே சூடு வாங்கியிருக்கு. யார் சார் குடுத்தது?"

 தெரிந்தவர்கள்தான் என்றார் அப்பா. வரும் வழியில் எனக்குப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்து, மஞ்சள்பொடி விஷயம் அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார். ஏமாந்துவிட்டீர்களே என்று அம்மா குத்திக்காட்டுவாள், அதற்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரேடியேட்டரை ஒட்டிய பிறகும் வண்டி கொதிப்பது நிற்கவில்லை. ஊருக்குப் போவதும் நிற்கவில்லை. ஆறு பாட்டில் தண்ணீர் என் காலடியில் இருக்கும். மூன்று நான்கு இடத்தில் நிறுத்தி, ஆறவைத்து, ஊற்றிக்கொண்டு போவோம். மாமா ஊர் எல்லையில் கடைசியாக ஒருமுறை நிறுத்தி நன்றாக ஆறவிடுவார் அப்பா. மச்சான் வீட்டு வாசலில் வண்டி புகைந்துவிடக் கூடாதாம். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்வார். அம்மாவும் நம்பினாள். அண்ணன் ஓட்டிய வண்டி என்று அதைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் தம்பிக்குக் காது குத்தினார்கள். எங்கள் குலதெய்வக் கோயில் மாமா ஊருக்குப் பக்கத்தில்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? மாமா பட்டு வேட்டி கட்டி, தட்டுத் தட்டாகச் சீரோடு வந்தார். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்ற வண்டியைப் பார்த்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர், தங்கைக்குக் காரே கொடுத்துவிட்டான், அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார். மாமா அதை மறுக்கவில்லை.

"வண்டி எப்படி ஓடுதுங்க மாப்பிள்ள?"

"தங்கமாட்டம் ஓடுது மச்சான்," என்றார் அப்பா.

காலையில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ரேடியேட்டர்லயும் மஞ்சப்பொடிதானே மாமா போட்டீங்க?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

கூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த போன்கள் என் பக்கம் திரும்பின. அப்பா பதறிப்போய், "அது நான் போட்டது மச்சான், யாரோ ஒரு டிரைவர் சொன்னாருன்னு..." என்றார். அதோடு முடிந்திருக்கும். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அப்பா எல்லோரையும் காப்பாற்றியிருப்பார். நான் விட்டால்தானே?

"நீங்க இல்லப்பா. விக்கிறதுக்குன்னே போட்டிருக்காங்கன்னு மெக்கானிக் சொன்னாரே."

சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனாலும் அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா கையில் தாம்பாளத்தோடு அப்படியே நின்றாள். இல்லை என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காத்திருந்திருப்பாள். அவர் வாய் திறக்கவில்லை.

முறையில் மாமா ஒரு குறையும் வைக்கவில்லை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி குத்தும்போது அலறியவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பந்தி போட்டபோது ஆளைக் காணோம். சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டார். அவருக்கென்று போட்ட இலையில் அம்மா வேறு யாரையும் உட்காரவிடவில்லை.

திரும்பும்போது மாமா வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்பா வேகத்தைக் குறைத்து, நிறுத்தட்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள்.  கொள்ளேகால் தாண்டியும் அப்பா என்னைத் திட்டாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தம்பியின் காதில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த அம்மா, வெகுநேரம் கழித்து மெல்லச் சொன்னாள்.

"வண்டிய வித்துருங்க. இனி நமக்கு எதுக்கு?"

 எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி மோசம் என்று கடைசியில் அம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டாள், இனி அப்பா கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று தோன்றியது. முன்சீட்டின் மேல் சாய்ந்து அம்மாவின் தோளைத் தொட்டேன்.

"சிவப்புக் கலர்ல நல்ல காரா வாங்கலாம்மா. மாமா வீட்டுக்கு வழியில எங்கயும் நிக்காம ஒரே மூச்சா போயிடலாம்," என்றேன்.