உதை என்றால் உதை

அன்று காலை அரங்கின் தளம் பாதிதான் மூடியிருந்தது. பிற்பகலில் பெண்கள் அணியின் பாஸ்கெட்பால் போட்டி. முதல்நாள் இசை நிகழ்ச்சிக்காகக் கழற்றிய மரப்பலகைகளைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தோம். இன்னொரு முறை போட்டி பிந்தினால் இந்த வேலையை வெளிக் கொம்பனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று மனேஜர் சொல்லியிருந்தார். கொடுத்தால் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குத்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பேச்சும் குறைவு. பலகை கேள்வி கேட்காது என்பதால் இந்த வேலை பிடித்துப்போனது.

இந்தப் பல்கலைக்கழக அரங்கை முதலில் ஐஸ் ஹொக்கிக்காகக் கட்டினார்கள். இப்போதும் அடியில் ஐஸ்தான். அதன் மேல் குளிர் ஏறாத மூடிகள், அதற்கு மேல் மரப்பலகைகள். பாஸ்கெட்பால் பிறகு வந்தது. அதற்கும் பிறகு கூரையில் ஸ்பீக்கர் தொங்கவிடக் கொக்கிகள் பூட்டினார்கள், பாட்டுக்காரர் வந்தார்கள். நான் குடியிருக்கும் வோபர்னில் பஸ் ஏறி வேலைக்கு வரத் தொடங்கிய காலத்தில் கொன்சேர்ட் எப்போதாவதுதான். இப்போது ஒன்று முடிய மற்றது. ஒரு கிழமை முழுக்க இந்தக் கட்டடம் ஒரே கோலத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, எனக்கும் ஓரிடத்தில் இருக்க வராது.

பலகைகளை நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் பூட்டிப் போவோம். ஒன்றின் நாக்கு அடுத்ததின் பள்ளத்தில் இறங்க வேண்டும். ஒன்று சரிந்தால் வரிசை முழுதும் விலகும்.

அன்று பலகையின் மறுமுனையைப் பிடித்தவர் கார்த்திக். சென்னைக்காரர், எங்கள் புது சூப்பர்வைசர். ஆள் போதாததால் தானே கையுறை போட்டுக்கொண்டு வந்தார். அவர் காலடியில் ஒரு மர ஆப்பு கிடந்தது. எனக்கு இரண்டு கையிலும் பாரம்.

“தம்பி, உதை முதல்ல” என்றேன்.

அவர் தயங்கினார். எனக்கு அவசரம். “உதை, உதை” என்றேன்.

பலகையில் ஓங்கி ஒரு உதை விட்டார். பலகை ஆப்பின் மேல் ஏற, நாக்கு பள்ளத்துக்குள் கோணலாக இறுகிவிட்டது.

“ஏன் தம்பி உதைச்சனீங்கள்?”

“நீங்கதானே அண்ணா உதைன்னீங்க? அதுவும் திருப்பித் திருப்பி.”

“நான் சொன்னது உந்த ஆப்பை எடுக்க.”

எங்கள் ஊர்ப் பேச்சில், எதிரே நிற்பவருக்குக் கிட்ட இருப்பது ‘உது’, அதைத்தான் ‘உதை’ என்றேன். அவருடைய பேச்சில் அந்தச் சொல்லே கிடையாது. உதை என்றால் காலால் விடுவதுதான். பக்கத்தில் நின்ற யோகன் அண்ணை, “சொல்லுக் கேக்கிற சூப்பர்வைசரை இண்டைக்குத்தான் கண்டன்” என்றார்.

சிரிக்க நேரமில்லை. மற்றப் பக்கத்தில் நின்றவர்கள் எங்களுக்கு முதுகு காட்டியபடி பூட்டிக்கொண்டே போனார்கள். அவர்கள் இறுக்க இறுக்க எங்கள் கோணல் கூடியது. கார்த்திக் குப்புறப் படுத்து நாக்கை நெம்பிக்கொண்டிருந்தார். நாலு பேருக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. “ஸ்டொப்” என்று கத்தினேன். பாட்டுக்கும் ஏற்றதாக ஆக்கிய இடம், சத்தத்தை எல்லா மூலைக்கும் கொண்டுபோனது. மேலே இருக்கைகளுக்குள் நின்ற மனேஜரும் திரும்பினார்.

எல்லோரும் ஓடிவந்து வரிசையைக் கழற்றினோம். கார்த்திக் நாக்கை உடையாமல் விடுவித்தார். கடைசிப் பலகை இறங்கியபோது விளையாட வந்த பிள்ளைகள் பந்தோடு வாசலில் நின்றார்கள்.

போட்டி நேரத்துக்குத் தொடங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஒரு பொருத்தையே பார்த்துக்கொண்டு சுவரோரம் நடந்தேன். ஓடிவந்த பிள்ளை ஒன்று அதிலேயே காலூன்றிப் பாய்ந்தது. பலகை அசையவில்லை. மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளிக் கொம்பனிக் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கையில் பாரம் இருக்கும்போது பொருளின் பெயரைச் சொல்லுங்கள். ஆப்பு என்றால் ஆப்பு, பலகை என்றால் பலகை.

கார்த்திக்குக்காக நானும் ‘அதை’ என்று சொல்லப் பழகிவிட்டேன். போன கிழமை பலகையின் மறுமுனையில் நின்று அவர் சொன்னார்: “அண்ணை, உதை எடுங்கோ.”

என் கால் தானாக எழும்பியது.