அடிக்காத கணவன்

இலங்கையில் எரிபொருள் வரிசைகள் ஓய்ந்த மறு வருடம், மாசி மாதத்தில், என் தங்கை டயகமவிலிருந்து மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலுள்ள எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கலியாணமாகி மூன்றாம் வருடம். இனிமேல் போகமாட்டேன் என்றாள்.

காரணம் கேட்டோம்.

"எங்கிட்ட பேச மாட்டேங்கிறாரு."

சோறு வேண்டுமென்றால் மச்சான், அவள் கணவர், தன் அம்மாவைப் பார்த்து, "போடச் சொல்லுங்க" என்பாராம். மூவரும் இருப்பது ஒரே அறை. முந்தைய ஆடியில் தொடங்கியது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. "ஒங்கப்பா மட்டும் எங்கூட ஒக்காந்து பேசிக்கிட்டா இருந்தாரு?" என்றார்.

அப்போது மாலையில் நாங்கள் பார்த்துவந்த தொலைக்காட்சித் தொடரும் கசந்துபோன ஒரு கலியாணத்தைப் பற்றியதுதான். இந்தியாவில் எடுத்தது. எதற்கும் மூலத்தைத் தேடிப் பார்ப்பது என் பழக்கம். அது முதலில் ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டில் எடுக்கப்பட்டு, துருக்கி வழியாக இந்தியாவுக்கு வந்த கதை. மூலத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். அதில் கணவன் கை நீட்டுவதே இல்லை. மனைவிக்கு எதிரே உட்கார்ந்து பத்திரிகை படிப்பான், பேசமாட்டான். அதற்காகவே அவள் வீட்டை விட்டுப் போகிறாள். துருக்கியில் அவனுக்கு இன்னொரு பெண்ணைச் சேர்த்தார்கள். இந்தியாவில் குடியும் அடியும் சேர்ந்தன. பார்ப்பவர்களுக்கு விளங்க வேண்டுமே.

எங்கள் வீட்டில் நன்றாகவே விளங்கியது. தொடரில் கணவன் அடித்த அன்று, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவும் எங்களோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா இருக்கா அந்தப் பாவி மக? பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதானே" என்றார். அம்மாவும் ஆமாம் போட்டார். தங்கை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

தேர்த் திருவிழா முடிந்த ஞாயிறு மச்சான் வந்தார். பேசித் தீர்க்க, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரை அம்மா அழைத்திருந்தார். தலைவர் தங்கையைக் கேட்டார்:

"அடிச்சானா?"

"இல்லங்க."

"குடிச்சிட்டு வந்து சத்தம் போட்டானா?"

"இல்லங்க."

"வேற எவகூடயாச்சும் தொடர்பா?"

"இல்லங்க தலைவரே. எங்கிட்ட பேசுறதில்ல."

"இம்புட்டுத்தானா? இப்படி ஒரு மாப்பிள்ளைய எந்தத் தோட்டத்தில போயித் தேடுறது? நான் ஒரு நாள் வாயத் தொறக்காம இருந்தா எம் பொண்டாட்டி கோயில்ல தேங்கா ஒடைப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

பேசாமல் இருப்பதும் ஒரு தண்டனைதான் என்று நான் ஆரம்பித்தேன். "தம்பி, நீங்க புஸ்தகம் படிக்கிற ஆளு. இது குடும்பம்" என்றார் தலைவர்.

தேநீர் ஊற்ற உள்ளே போனவளிடம் அக்கா கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. "அடிச்சான்னு ஒரு வார்த்த சொல்லித் தொலையேன்டி. நாங்க பாத்துக்கிறோம்."

"அடிக்கலியே அக்கா."

அத்தோடு தீர்ந்தது. "அனுப்பி வைங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்தார். அம்மா அழுதுகொண்டே தங்கையின் சேலைகளை மடித்தார். என் யோசனையை யாரும் கேட்கவில்லை.

ஹட்டன் வரை நானும் கூடப் போனேன். பஸ்ஸில் மச்சான் என்னிடம் கொழுந்து விலை, மழை, கிரிக்கெட் என்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அவள் முன் இருக்கையில் தனியாக இருந்தாள். ஹட்டனில் அவர் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன நேரத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு அடி அடிச்சிருக்கலாம்ண்ணே, அவரு" என்றாள்.

பிறகு டயகம பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.