காலையில் எழாத உருண்டை

என் மேசையில் ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. தைலக் குப்பி உயரம்தான். உள்ளே பார்க்க வசதியாகக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் செய்தது. நிறைய மஞ்சள் எண்ணெய், எண்ணெய்க்குள் சுண்டைக்காய் அளவில் ஓர் எஃகு உருண்டை. குப்பியின் அடி புனல்போலக் குழிந்திருக்கும். நேராக வைத்தால் உருண்டை குழியில் கிடக்கும். சாய்த்தால் குழியின் சரிவில் உருண்டு மேலே வந்து, விளிம்பில் உள்ள செப்பு வளையத்தைத் தொடும். டிராக்டரில் பொருத்தியிருந்தால், தொட்டதும் எஞ்சின் நின்றுவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ விளையாட்டுச் சாமான் என்று எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். இதை வடிவமைத்தது நான். இதை நம்பி வண்டி ஓட்டியவர் இறந்துபோனார். இந்த இரண்டு வாக்கியங்களையும் என்னால் ஒரே குரலில் சொல்ல முடிகிறது. என் மேல் எனக்கு இருக்கும் புகாரே அதுதான்.

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் பதினோரு பேர் வேலை பார்த்தோம். வண்டிகளுக்கான சிறு சிறு சுவிட்சுகள் செய்வது தொழில். டிராக்டர் குடைசாயும் முன் எஞ்சினை நிறுத்தும் சாதனம் ஒன்று வேண்டும் என்று ஒரு டிராக்டர் கம்பெனியிலிருந்து கேட்டு வந்தார்கள், அது என் தலையில் விழுந்தது. சகதியில் பின்சக்கரம் சிக்கியிருக்கும்போது வேகம் கொடுத்தால் சக்கரம் சுற்றாது, வண்டிதான் சுற்றும். மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓட்டுநர் மேலேயே வந்து விழும். கண் மூடித் திறக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் எஞ்சின் நிற்க வேண்டும். வயலில் ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சேரன்மகாதேவியிலிருந்து சொந்த டிராக்டரோடு வந்தார் டிரைவர் அண்ணாச்சி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வந்த முதல் நாளே குப்பியைக் கையில் வாங்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வண்டிய இந்தப் பயதான் நிறுத்தப் போறானாக்கும்" என்றார்.

அப்போது குப்பியில் எண்ணெய் கிடையாது. அதுதான் தொல்லை. உருண்டைக்குச் சரிவு என்றும் குலுக்கல் என்றும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வண்டி சாய்ந்தாலும் வளையத்தைத் தொடும், வரப்பில் ஏறி இறங்கித் தூக்கிப்போட்டாலும் தொடும். சட்டென்று பிரேக் போட்டாலும் அப்படியே. உருண்டையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், இயற்பியலும் அதையேதான் சொல்கிறது. ஆனால் உழுதுகொண்டிருக்கிறவருக்கு அது ஒன்றல்ல. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் நின்றால் யார் பொறுத்துக்கொள்வார்கள்? டிரைவர் அண்ணாச்சி முழங்கால் சேற்றோடு வரப்பில் வந்து நிற்பார். "என்னம்மா இது, வரப்புல ஏறுனா நின்னுபோவுது, வாய்க்கால்ல இறங்குனா நின்னுபோவுது. ஒங்க உருண்டை என்ன புதுப்பொண்ணா, தொட்டதுக்கெல்லாம் துள்ளுது?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்: "எஞ்சினியரம்மா, நான் ஒங்களுக்காக ஓட்டுதேன். வேற எவனாச்சும்னா முதல் நாளே வயர அறுத்துப்போட்டுட்டு வேலையைப் பார்ப்பான்." அது உண்மை. தொந்தரவு செய்கிற பாதுகாப்பை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்த அறுந்த வயர்தான் கண்ணில் நின்றது.

குப்பியை எண்ணெயால் நிரப்பினால் குலுக்கலுக்கு உருண்டை துள்ளாது, நிஜமாகச் சாய்ந்தால் மட்டும் நகரும். டவுனில் கெட்டியான மெஷின் எண்ணெய் வாங்கி வந்து நிரப்பினேன். கத்திரி வெயில் முடிந்திருந்த நாட்கள். எங்களுக்கு வேலை ஒன்பதரைக்குத் தொடங்கும், வயலுக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகும். டிரைவர் அண்ணாச்சி ஓட்டுவார், நான் குடையைப் பிடித்துக்கொண்டு நேரம் குறிப்பேன். துள்ளல் நின்றது. சாய்த்தால் உடனே நின்றது எஞ்சின். அவர் வரப்பில் நாலு தடவை வேண்டுமென்றே ஏற்றி இறக்கிவிட்டு வண்டியில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "மருவாதி படிச்சிருச்சும்மா!" என்று கத்தினார். உள்ளே தெரியும்படி செய்திருந்த பிளாஸ்டிக் குப்பிகள் இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய டிராக்டரில் சாதனத்தை நிரந்தரமாகவே பொருத்திக் கொடுத்தோம். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது ஞாபகப்படுத்த முடிகிறது, உணரத்தான் முடியவில்லை.

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் எதிரே நேரம் எழுதியிருக்கிறேன். பத்தரைக்கு முந்திய நேரம் ஒன்றுகூட அதில் இல்லை. குளிர்ந்தால் எண்ணெய் கெட்டிப்படும் என்று எனக்குத் தெரியாதா? கல்லூரியில் படித்ததுதான். பாடப்புத்தகத்தில் அதற்குப் போட்டிருந்த படம் பனி கொட்டும் ஏதோ ஒரு தேசம். திருநெல்வேலிக்காரிக்கு அது பரீட்சையில் எழுதவேண்டிய விஷயம், அவ்வளவுதான். இங்கே எண்ணெய் உருகுமே என்றுதான் கவலைப்பட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பிசானப் பருவ நெல் நடவுக்கு உழவு மும்முரம். ஐந்து மணிக்கெல்லாம் வண்டிகள் வயலில் இறங்கிவிடும். ஒருநாள் காலையில் டீசல் வாங்க இந்தப் பக்கம் வந்த டிரைவர் அண்ணாச்சி எங்கள் கொட்டகைக்கு எதிரில் இருந்த டீக்கடை வாசலில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். தலையில் துண்டு, கையில் டீ. "எஞ்சினியரம்மா, விடியக்காலைல ஒங்க உருண்டை எந்திரிக்கவே மாட்டேங்கு. சாச்சுப் பார்த்தா, கொட்டாவி விட்டுட்டுப் பைய வருது. நம்மள மாதிரி ஒரு டீ ஊத்திக் குடுத்துப் பார்ப்பமா?" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "டீ வேண்டாம் அண்ணாச்சி, காப்பியா ஊத்துங்க" என்றேன். அவர் தம்ளரை வைத்துவிட்டுப் போனார். நான் கொட்டகைக்குள் போய் வேறு ஏதோ ஒரு வரைபடத்தை விரித்தேன். எப்போதும் விளையாட்டாகப் பேசுகிற மனிதர் ஒரு தகவலையும் விளையாட்டாகவே சொல்வார் என்று எனக்கு உறைக்கவில்லை.

எட்டாம் நாள் அவர் இறந்தார். வாய்க்கால் ஓரத்து வயல், இன்னும் நன்றாக விடியவில்லை, பின்சக்கரம் சகதியில் பதிந்திருந்தது. வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்தது. ஓடிவந்தவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொன்னார்கள்: எஞ்சின் நின்றிருந்தது. எங்கள் மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "எஞ்சின் நின்னுருக்கு. நம்ம சாமான் வேலை செஞ்சிருக்கு. அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். நான் தலையாட்டினேன். துக்க வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. பாடையைத் தூக்கும்போது முன்னால் நின்றவர்கள் உயரம், பின்னால் நின்றவர்கள் குட்டை. எத்தனை டிகிரி சரிவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முழங்காலிட்டு ஜெபம் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்லிவிட்டு இரண்டு தோசை சாப்பிட்டேன்.

மூன்று நாள் கழித்துதான் டீக்கடை நினைவுக்கு வந்தது. கொட்டகையில் இருந்த இன்னொரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்துவந்து மொட்டைமாடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஐந்தரைக்கு எழுந்து போய்ச் சாய்த்தேன். மதியத்தில் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் வளையத்தைத் தொடுகிற உருண்டை, 'மூன்று' வரை எண்ணியும் வழியிலேயே இருந்தது. எஞ்சின் நின்றது உண்மை. வண்டி அவர் மேல் விழுந்த பிறகு நின்றிருக்கிறது. அன்று முழுக்கத் தூறல், ஈர மாடியில் நின்று ஏழெட்டு தடவை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. குளிருகிறது என்று மட்டும் தோன்றியது.

குளிரிலும் வெயிலிலும் அதிகம் மாறாத சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. வரவழைத்து மாற்றினேன். வெளியே போயிருந்த எல்லாச் சாதனங்களையும் திரும்ப வாங்கி மாற்ற வைத்தேன். அதில் மட்டும் மேலாளரிடம் விட்டுக்கொடுக்கவில்லை. வரைபடத்தின் மூலையில் 'எண்ணெய் மாற்றப்பட்டது' என்று எழுதினேன். காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். யாரும் கேட்கவில்லை.

மறு வருஷம் சேரன்மகாதேவிக்கு அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். மதினி நடவு முடித்து அப்போதுதான் வந்திருந்தார், கால் விரல்களில் சேறு காயவில்லை. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, சாமி படத்துப் பக்கத்திலிருந்து இந்தக் குப்பியை எடுத்து வந்தார். "இது ஒங்க சாமான்லா. வண்டி எடுக்க முன்ன தெனமும் இதைச் சாச்சுப் பார்ப்பாக. 'பைய நவுருது, எஞ்சினியரம்மாட்ட சொல்லணும், சொல்லணும்'னுக்கிட்டே இருந்தாக. சொன்னாகளாம்மா?"

"இல்லையே மதினி" என்றேன்.

மதினி குப்பியை முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தார். "அப்படித்தான் நெனச்சேன். சொல்லியிருந்தா நீங்க சரி பண்ணியிருப்பீகளே. எல்லாத்தையும் வெளையாட்டாவே எடுத்துக்கிடுவாக. மறந்துருப்பாக" என்றார். அவர் மேல்தான் மதினிக்குக் கோபம். அந்தக் கோபத்தோடு அத்தனை மாதம் இருந்திருக்கிறார். திருத்த அங்கேயே எனக்கு நேரம் இருந்தது, காப்பிகூட ஆறவில்லை. நான் குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் போய்விட்டன. இப்போதெல்லாம் இந்த வேலையை அரிசிமணி அளவு மின்னணுச் சில்லு ஒன்று செய்துவிடுகிறது, அதற்கு எண்ணெயும் வேண்டாம், குளிரும் தெரியாது. இந்தக் குப்பியில் மட்டும் பழைய எண்ணெய்தான், நான் மாற்றவில்லை. இன்றும் ஐப்பசிதான், வெளியே மழை, ஐந்தரை மணி. குப்பியைச் சாய்த்துவிட்டுக் காத்திருந்தேன். உருண்டை பைய எழுந்து, பைய வந்து, வளையத்தைத் தொட்டது. அதில் இப்போது வயர் எதுவும் இல்லை, தொட்டதால் எதுவும் நிற்கவில்லை.

மதினி, அவர் மறக்கவில்லை. டீக்கடை வாசலில் நின்று என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன்.