துன்யா மணத்த பெட்டி

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஸ்ட்ருமிட்சாவில் சன்னலைச் சாத்தி வைத்தும் பயனில்லை. வீட்டுக்கு வீடு தகர அடுப்பை முற்றத்தில் இறக்கி, சிவப்புக் குடமிளகாயைச் சுட ஆரம்பித்துவிடுவார்கள். தோல் கருகும் வாசனை கொடியில் காயும் துணியில் ஏறும், தலைமுடியில் ஏறும். அது மூக்கில் பட்டதும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "எங்கம்மா சுடும்போது..." என்று ஒருத்தி தொடங்கினால் போதும், ஆளுக்கொரு அம்மாவோடு வந்துவிடுவார்கள். லெங்கா மட்டும் அப்போது எழுந்து குழாயடிக்குக் கை கழுவப் போவாள்.

லெங்கா என் அடுத்த வீட்டுக்காரி. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே மிளகாய் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெயில் சுண்டச் சுண்ட அய்வார் விழுது கிண்டி சீசாவில் அடைத்து வந்தோம்.

அவள் பிறந்தது எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்தில்தான். ஆனால் ஆறு வயதில் அவளைத் தலைநகர் ஸ்கோப்யேயில் இருந்த அத்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தைக்குக் குழந்தை இல்லை. இவர்கள் வீட்டில் புகையிலைத் தோட்டத்தை நம்பி நாலு வயிறு. தங்கை ருமேனாவுக்கு அப்போது மூன்று வயது, அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அத்தை நல்லவள்தான். மூன்றாவது மாடி வீடு, வருஷத்துக்கு இரண்டு புதுச் சட்டை, பியானோ வகுப்புகூட. ஆனால் அய்வார் கடையிலிருந்து வரும். லெங்கா கோடை விடுமுறையில் நாலைந்து முறை கிராமத்துக்கு வந்து போயிருக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில்தான் அங்கே மிளகாய் பழுக்கும். அதற்குள் இவளை ரயிலேற்றிவிடுவார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு அவள் வந்து சேர்ந்தபோது அம்மா இறந்து மூன்று வருஷமாகியிருந்தது.

"எனக்குப் பத்து வயசானதுலேருந்து அம்மாகிட்டேருந்து கடுதாசி வரும் பாவ்லினா," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "மாடு நல்லா இருக்கு, மழை பேஞ்சுது, எல்லாரும் சௌக்கியம். அவ்வளவுதான். பதினஞ்சு வருஷமும் அதே மாடு, அதே மழை."

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு இலையுதிர்காலம். அதை எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். ஐந்து வயதில் அம்மாவின் கம்பளிப் பெட்டியைத் திறந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாளாம். கம்பளிகளுக்கு நடுவே அம்மா துன்யாப் பழங்களை வைத்திருந்தாள். துன்யாவைப் பச்சையாகக் கடித்தால் தொண்டையை அடைக்கும்; துணிக்கு நடுவே வைத்தால் குளிர்காலம் முழுக்க மணக்கும். அந்த மணத்திலேயே இவள் தூங்கிப்போனாள். அம்மா தெருவெல்லாம் தேடி, கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாளாம். வாரித் தூக்கி, இவள் தலையை முகர்ந்து, "பழமா பழுத்துட்டியேடி" என்று சொல்லி அழுதாளாம். அம்மாவின் விரலில் சுட்ட மிளகாய் வாசனை இருந்ததாம்.

போன வருஷம் செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தோலுரித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் ஒரு நிகழ்ச்சி. ஊர் ஊராகப் போய், இந்தப் பருவத்து வாசனைகளைப் பற்றி மக்கள் சொன்னதைப் பதிவு செய்து வந்திருந்தார்கள். மூன்றாவதாக வந்த குரல் ருமேனாவுடையது.

"ஒங்க தங்கச்சிக்கா," என்று சிரித்தபடி சத்தத்தைக் கூட்டினேன்.

ருமேனா கம்பளிப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். துன்யா மணத்தில் தூங்கிப்போனதைச் சொன்னாள். அம்மா கிணற்றை எட்டிப் பார்த்ததைச் சொன்னாள். "பழமா பழுத்துட்டியேடின்னு எங்கம்மா என் தலையை மோந்து பாத்து அழுதா," என்று முடித்தாள்.

லெங்கா கையிலிருந்த மிளகாயைச் சட்டிக்குள் போட்டாள். கரி ஒட்டிய விரல்களை அப்படியே ஏப்ரனில் துடைத்தாள்.

"வண்டிய எடு."

"அடுப்புல இன்னும்..."

"எரியட்டும். எடு."

வண்டியை எடுத்தேன். கிராமத்தில் ருமேனாவும் தன் முற்றத்தில் மிளகாய்தான் சுட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் அதே வீடு, அதே முற்றம்.

"வாக்கா. ரேடியோ கேட்டியா?" என்றாள்.

"பெட்டிக்குள்ள படுத்திருந்தது யாருடி?"

ருமேனா மிளகாயைப் புரட்டினாள். "நான்தான்."

"ஒனக்கு அப்ப ரெண்டு வயசு. அந்த மூடிய நீ தூக்கினியா?"

ருமேனா இடுக்கியால் கரியைக் கிளறினாள்.

"வீடு ஒனக்கு. அம்மா ஒனக்கு. வருசா வருசம் இந்தப் பொகையும் ஒனக்கு. நான் ஒண்ணே ஒண்ண முடிஞ்சு வச்சிருந்தேன். அதையும் ஊருக்கே ஒன்னுதுன்னு சொல்லிட்ட."

"எனக்கு அது என்னுதாவே ஆயிடுச்சுக்கா," என்றாள் ருமேனா, அடுப்பைப் பார்த்தபடியே. "எத்தன தடவ கேட்டிருப்பேன் தெரியுமா? அடுப்புல மொத மிளகா விழும், அம்மா ஆரம்பிச்சுடுவா. என் லெங்கா பெட்டிக்குள்ள தூங்கினா. என் லெங்கா இப்ப என்ன சாப்பிட்டிருப்பா. நான் பக்கத்துல நின்னு தோலுரிப்பேன். வெரல் வெந்து கொப்புளிச்சிருக்கும், அதக் கண்ணால பாக்கமாட்டா. ஒரு நா நானும் போயி அந்தப் பெட்டிக்குள்ள படுத்தேன். பொழுது சாயற வரைக்கும் படுத்திருந்தேன். யாரும் தேடல. நானே எந்திரிச்சு வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். இருக்கறவள யாருக்கா தேடுவா?"

லெங்கா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள். "என் லெங்கான்னு அவ்வளவு சொன்னவ, கடுதாசியில ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு எழுதத் தெரியாது."

"ஒனக்குத் தெரியுமே."

"நான்தான் எழுதினேன்." ருமேனா இடுக்கியைக் கீழே வைத்தாள். "அவ பக்கம் பக்கமா சொல்லுவா. அழுதுகிட்டே சொல்லுவா. நான் மாடு நல்லா இருக்கு, மழை பேஞ்சுதுன்னு எழுதி மடிச்சுடுவேன்."

அடுப்பில் மிளகாய் தீய்ந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. லெங்கா தங்கையை அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் எழுந்து வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. ருமேனா இரண்டு முறை எனக்குத் தொலைபேசியில் அழைத்து, அக்கா சாப்பிடுகிறாளா என்று விசாரித்தாள். அதை லெங்காவிடம் சொன்னேன். "மாடு நல்லா இருக்குன்னு சொல்லு," என்றாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு பேருந்தில் கிராமத்துக்குப் போனாள். தங்கையை எதிரே உட்காரவைத்து, "அவ சொன்னதெல்லாம் சொல்லு, எழுதிக்கறேன்," என்றாளாம். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போனாள். திரும்பி வரும்போது முகம் கடுகடுவென்றிருக்கும்.

"பொய் சொல்றா," என்பாள் ஒருநாள். "அம்மா அப்படிப் பேசியிருக்க மாட்டா." இன்னொரு நாள், "எல்லாத்தையும் அவ நேராக் கேட்டிருக்கா. எனக்குச் சொல்றது ஆறிப்போனது," என்பாள். பொறாமை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேருந்தை ஒரு சனிக்கிழமையும் விடவில்லை.

இந்த வருஷம் மிளகாய்க்குச் சொல்லிவைக்க அவள் வீட்டுக்குப் போனேன். தகர அடுப்பைக் காணோம்.

"கிராமத்துக்குக் கொண்டுபோயிட்டேன் பாவ்லினா. அங்க ரெண்டு பேருமா போட்டுக்கறோம். நீயும் வாயேன்."

"உப்புப் போடறதுக்கே ரெண்டு பேரும் சண்ட போடுவீங்க. நான் எதுக்கு நடுவுல?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தனியாகச் சுட்டேன். எதிர்வீட்டுக்காரி வேலியருகே வந்து மூச்சை இழுத்து, "எங்கம்மா சுடும்போது..." என்று தொடங்கினாள். நான் எழுந்து கை கழுவப் போனேன்.