எங்கள் வீட்டில் இல்லாத நாய்

அந்த விளையாட்டை ஆட உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. டி.வி. திரையில் ஒரு பெண் கோட்டை மதிலோரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போவாள். பக்கத்திலேயே காவல்காரன் நிற்பான். அவள் காலடிச் சத்தம் அவன் காதில் விழுந்தால் மணியை அடித்துவிடுவான், ஆட்டம் கெட்டது. அவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று நாங்கள் இங்கே பாகூரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குக்கர் விசில் அடித்தால் எனக்குத் திக்கென்று இருக்கும். வெட்டுக் குத்து விளையாட்டு இல்லை இது. யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வெளியே வர வேண்டும். அவ்வளவுதான்.

என் தம்பி வேலைக்காகப் பெங்களூர் போனபோது, டி.வி.யில் மாட்டி ஆடுகிற அந்த விளையாட்டுப் பெட்டியை என்னிடம் விட்டுப் போனான். கல்யாணமான புதிதில் என் கணவர் அதைப் பார்த்து, "இன்னா இது, சின்னப் புள்ளையாட்டம்" என்று சிரித்தார். நெல் அறுக்கிற பெல்ட் வண்டி ஓட்டுவது அவர் தொழில். மழை பிடித்தால் வண்டி கழனியில் இறங்காது. அப்படி ஒரு மழை நாளில் சும்மா கையில் எடுத்தவர்தான், அப்புறம் கீழே வைக்கவில்லை. ஆடுவது அவர், காவல் பார்ப்பது நான். எந்தக் காவல்காரன் எப்போது திரும்புவான், எவன் உட்கார்ந்து தூங்கி வழிவான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நாலு பேர் முன்னால் "ஏங்க" என்று கூப்பிடுகிற நான், ஆட்டத்தில் மட்டும் "யோவ், நில்லுய்யா, வர்றான்" என்பேன். அவரும் நிற்பார். வேறெந்த விஷயத்திலும் நான் சொல்லி அவர் நின்றதில்லை.

அவர் நன்றாக ஆடியதற்கு அவருடைய இடது கைதான் காரணம். வண்டியில் வேகத்துக்கான லிவர் இடது கைப் பக்கம் இருக்கிறது. லேசாகத் தள்ளினால் வண்டி ஊர்ந்து போகும், அழுத்தித் தள்ளினால் பாயும். மழையில் சாய்ந்த நெல் என்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். பாய்ந்தால் கதிரில் பாதி மண்ணோடு போய்விடும், கத்தி வரப்பில் இடிக்கும். விளையாட்டிலும் அதே கதைதான். கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் இடது கட்டை விரலுக்கு என்று ஒரு சின்ன ஸ்டிக் இருக்கிறது. அதை மெல்லத் தள்ளினால் அந்தப் பெண் பூனை மாதிரி நடப்பாள். முழுக்கத் தள்ளினால் தடதடவென்று ஓடுவாள். நான் ஆடினால் எப்போதும் ஓடுவாள். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். அங்கேயும் மெஷினை ஓட ஓட விரட்டித்தான் எனக்குப் பழக்கம்.

போன ஆவணியில் அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது வண்டிக்குள் வைக்கோல் சுற்றி அடைத்துக்கொண்டது. ஓட்டம் முழுக்க நிற்பதற்குள் இவர் கையை விட்டுவிட்டார். உள்ளே ஓடிய பெல்ட் இடது கட்டை விரலின் அடியை அறுத்துவிட்டது. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் நரம்பை இழுத்துத் தைத்தார்கள். விரல் பிழைத்தது. ஆனால் பழையபடி வேலை செய்யுமா என்பது பயிற்சியைப் பொறுத்தது என்று சொல்லி, அழுத்தி அழுத்தி விடுவதற்கு ஒரு பந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். இவர் அந்தப் பந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பந்த எடுங்க."

"எடுக்கறேன், வுடு."

இதுதான் எங்கள் வீட்டில் காலை மாலை நடக்கிற பேச்சு. விரல் மடங்கியது, நீண்டது. நடுவில் நிற்கத்தான் மாட்டேன் என்றது. பேப்பர் கப்பில் டீ கொடுத்தால் ஒன்று நழுவிவிடும், இல்லாவிட்டால் நசுங்கிவிடும். பொங்கல் கழிந்தால் சம்பா அறுப்பு. அதற்குள் விரல் வராவிட்டால் வண்டி வேறு ஆள் கைக்குப் போய்விடும். வராத விரலோடு இவர் வீம்புக்கு ஏறி உட்கார்ந்துவிட்டால் அது இன்னும் மோசம். வண்டியைச் சுற்றி மூட்டை பிடிக்கிறவர்கள் நிற்பார்கள். இந்த இரண்டு பயமும் மாறி மாறி என்னைத் தின்றன. வெளியில் மட்டும் சிடுசிடுவென்று இருந்தேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கார்த்திகையில் தம்பி போன் செய்தான். "அக்கா, நம்ம ஆட்டத்தப் பெருசாக்கித் திரும்ப வுட்டிருக்கான். புதுசா ஒரு கோட்டை, ஆத்தங்கரை, மழை எல்லாம் இருக்குது. நாய் வேற வுட்டிருக்கான். மாமாவுக்கு நானே வாங்கி அனுப்பிட்டேன்."

வெந்த புண்ணில் வேலா என்று அவன்மீது எனக்கு ஆத்திரம். விரல் வராத மனுஷனுக்கு விளையாட்டு ஒரு கேடா என்று கத்தினேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர் பெட்டியின்மேல் கிடந்த துணியை எடுத்து உதறினார். "போட்டுத்தான் பாப்பமே" என்றார்.

அன்று சாயங்காலம் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த கோட்டைதான், ஆனால் தூங்கி வழிபவன் இருந்த மூலையில் இப்போது ஒரு நாயைக் கட்டி வைத்திருந்தார்கள். போச்சு, இவர் விரலுக்கு அவள் ஓடப் போகிறாள், நாய் ஊரைக் கூட்டப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால் அவள் பூனை மாதிரி நடந்து நாயைத் தாண்டிக்கொண்டிருந்தாள்!

நான் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், தன் கட்டை விரலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "கண்ணு எரியுது" என்று வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கொடுத்துவைத்த மனுஷன், சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டேன். நான் சும்மா இருப்பேனா? வில்லியனூரில் இருக்கும் என் அம்மாவுக்கு, இவர் அண்ணனுக்கு, தையல் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொல்லி முடித்தேன். விரல் வந்துவிட்டது, பழைய கை, பழைய வேலை. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள், அதையும் போய் ஏற்றிவிட்டு வந்தாள். பந்தைப் பற்றி நான் அப்புறம் பேசவே இல்லை.

அதன் பிறகு என்னோடு உட்கார்ந்து ஆட அவர் வரவில்லை. கூப்பிட்டால் தலைவலி என்பார், கண் எரிகிறது என்பார். ஆனால் பகலில் நான் கடைக்குப் போன பிறகு ஆடுகிறார் என்று தெரிந்தது. சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்.

"ஏம்மா, நாய் வாங்கியிருக்கீங்களா? காலைல ஆரம்பிச்சா பொழுதுக்கும் கொலைக்குதே!"

"அது டி.வி. நாய்க்கா."

"எந்த நாயா இருந்தா இன்னா, எங்க வூட்டுக்காரரு மத்தியானத்துல கண்ண மூட முடியல."

சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லி இவரிடம் சண்டை போட்டேன். தலையை ஆட்டினார். மறுநாளும் நாய் குரைத்தது. புதிதாகச் சேர்த்த கோட்டையில் எவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் மாட்டிக்கொள்கிறார், நான் கூட இருந்தால் இப்படி ஆகுமா என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மார்கழி முடியும் சமயத்தில் பக்கத்து வீட்டு அக்கா கடைக்கு ரவிக்கை கொடுக்க வந்தார். "நாய எங்க வுட்டீங்க? இப்பல்லாம் சத்தமே காணமே" என்றார். சிரித்துவிட்டு அளவு எடுத்தேன்.

பொங்கல் கழிந்த மறுநாள் அவரே கூப்பிட்டார். "வா, ஆடலாம்." உட்கார்ந்தோம். நாய் கட்டிய முற்றத்தை ஒரு முறை தாண்டினார். திரும்பி வந்து இன்னொரு முறை தாண்டினார். எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, முதல் நாளே பார்த்ததுதானே என்று காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். அவர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டி முதலாளிக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டார். முதல் கழனி ஏரிக்கு அந்தப் பக்கம், மழையில் சாய்ந்த நெல்லாம். "அப்படியே படுத்துக் கெடக்குதாம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் எழுந்து வண்டிக்கு கிரீஸ் அடிக்கப் போய்விட்டார்.

நான் கடையிலிருந்து தம்பிக்குப் போன் போட்டேன். "நீ அனுப்புன ஆட்டத்தாலதான்டா உங்க மாமா நாளைக்கு வண்டி ஏறப் போறாரு. மொத நாளே என்னமா மெதுவா நடந்தா தெரியுமா!"

மெதுவாக நடந்தாளா என்று தம்பி திருப்பிக் கேட்டான். "அக்கா, செட்டிங்ஸ்ல போய் நடை உதவிய ஆஃப் பண்ணீங்களா?"

"அது இன்னாடா அது?"

"புதுசுல அத சேத்திருக்கான். காவக்காரன், நாய் யாரு பக்கத்துல இருந்தாலும், நீ ஸ்டிக்க எவ்ளோ அழுத்தினாலும் அவ மெதுவாத்தான் நடப்பா. வாங்குனப்பவே ஆன்லதான் இருக்கும். மாமா நடக்கலக்கா. ஆட்டம் நடக்க வெச்சிருக்குது."

பாதி தைத்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன். விரல் வரவே இல்லை. விரல் வந்துவிட்டது என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டது நான். பந்தை மறக்கவிட்டது நான். விடிந்தால் படுத்துக் கிடக்கும் நெல்லில் இவர் இறங்கப் போகிறார். லிவரை அழுத்திவிடுவார், வண்டி பாயும், சுற்றிலும் ஆட்கள். சொல்லித்தான் தீர வேண்டும். எப்படிச் சொல்வது? அந்த உதவியை அணைத்து வைத்துவிட்டு, ஒரு ஆட்டம் ஆடுங்க என்று கையில் கொடுத்தால் அவருக்கே தெரிந்துவிடும். என் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதும் சாயங்காலம் வரை தள்ளிப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் போட்டேன். செட்டிங்ஸில் தேடித் தேடி அந்த வரியைக் கண்டுபிடித்தேன். அது அணைந்தேதான் இருந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தப்பாகப் படித்திருப்பேன் என்று, அதைப் போட்டுவிட்டு ஆட்டத்துக்குள் போனேன். நாய் முற்றத்தில் ஸ்டிக்கை முழுக்க அழுத்தினேன். என் விரலுக்கு, என் அவசரத்துக்கு, அவள் பூனை நடை நடந்தாள். திரும்பிப் போய் முன்பு இருந்தபடியே அணைத்துவிட்டு மறுபடி வந்து அழுத்தினேன். தடதடவென்று ஓடினாள். நாய் வள்ளென்று பாய்ந்து குரைத்தது, மணி அடித்தது, காவல்காரர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "அய்யய்யோ, நாய் திரும்பி வந்துடுச்சாம்மா?"

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கார்த்திகையிலும் மார்கழியிலும் பகலெல்லாம் குரைத்தது இந்த நாய்தான். இவர் மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மாட்டிக்கொள்வது நின்றபோது குரைப்பும் நின்றிருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் வந்த அழுகை இல்லை, பயம் போனதால் வந்த அழுகை. இத்தனை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த நாய்ச் சத்தத்தோடு இறங்கிப் போயிற்று. நிம்மதி என்பது இப்படி மூக்கு ஒழுக அழவைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கிரீஸ் கையோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாடி, கட பூட்டிக் கெடக்குது, நீ இங்க குந்திக்கினு அழுவற?"

"அத எப்ப ஆஃப் பண்ண நீ?"

திரையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "மொத நாளுதான். அழுத்துனது எனக்குத் தெரியாதா? என் வெரலுதானே."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாய்யா?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அதுக்குள்ள வில்லியனூருக்குப் போன் போட்டு, வெரலு வந்துடுச்சின்னு சிரிச்சிக்கினு இருந்த." கையைத் துணியில் துடைத்தார். "சரி, வர வெச்சிடுவோம்னு வுட்டுட்டேன்."

மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு ஏரிக்கு அந்தப் பக்கம் போனேன். படுத்துக் கிடந்த நெல்லுக்குள் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. இடது கை லிவரின்மேல் இருந்தது, துண்டு தலையில் இருந்தது. கழனிக்காரர் வரப்பில் நின்றபடி, "இன்னாம்மா உங்க வூட்டுக்காரரு இவ்ளோ மெதுவா ஓட்றாரு, பொழுது போயிடுமே" என்று முணுமுணுத்தார்.

"மெதுவாவே ஓட்டட்டும்ணே" என்றேன். "அத கத்துக்கத்தான் ரெண்டு மாசம் நாய்கிட்ட கொலைப்பு வாங்கினாரு."